பாட்டு ரெடி... எந்த பிளேயர்ல போடலாம்? இண்டி இசைக்கலைஞர்களுக்கு ஒரு எம்பெட் கைடு!

பாட்டு எழுதி, டியூன் போட்டு, பெட்ரூம் சுவர்ல போர்வையை மாட்டி ரெக்கார்ட் பண்ணி, ஒருவழியா மிக்ஸிங்கும் முடிஞ்சாச்சு. இன்ஸ்டாவுல ஒரு ரீல் போட்டு, 'முழுப் பாட்டு லிங்க் பயோவில்'னு சொல்லியாச்சு. ஆனா, அந்த லிங்க்கைத் தொடுற ஆளுக்கு அடுத்து என்ன நடக்குது?

பல நேரம் நடக்கிறது இதுதான். பக்கம் திறக்கும். பிளே பட்டனைத் தட்டினா பாட்டு ஓடும். சூடுபிடிக்கிற நேரத்துல, சரியா 30-வது நொடியில நின்னுடும். 'முழுசா கேட்க லாகின் பண்ணுங்க'. கேட்க வந்தவர் பாஸ்வேர்டு தேடிட்டு இருக்க மாட்டார். அடுத்த ரீலுக்குப் போயிடுவார். பாட்டு நல்லா இருந்தும், பிளேயர் காரணமா ஒரு ரசிகர் கைநழுவிப் போறது இப்படித்தான்.

சினிமா பாட்டுக்குப் பின்னாடி ஒரு ஆடியோ கம்பெனியே இருக்கும். சுயாதீன இசைக்கலைஞருக்கு இருக்கிறது ஒரு வெப்சைட்டோ, பயோ லிங்க் பக்கமோதான். அதுல எந்த பிளேயரை வைக்கலாம்? ஒவ்வொண்ணா பார்ப்போம்.

எம்பெட் பிளேயர்னா என்ன?

உங்க பக்கத்துக்குள்ள இன்னொரு நிறுவனத்தோட பக்கத்தை எட்டிப் பார்க்கிற சின்ன ஜன்னல்தான் எம்பெட் பிளேயர். இந்த ஜன்னலுக்கு 'ஐஃப்ரேம்'னு பேர். ஷேர் பட்டனைத் தட்டினா 'எம்பெட்'னு ஒரு ஆப்ஷன் வரும். அது தர்ற கோடை காப்பி பண்ணி உங்க பக்கத்துல ஒட்டினா போதும். வேர்ட்பிரஸ்ல இன்னும் ஈஸி. பாட்டோட லிங்க்கை தனி வரியா ஒட்டினாலே பிளேயரா மாறிடும்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. பாட்டு உங்க பக்கத்துல ஓடுற மாதிரி தெரிஞ்சாலும், ஃபைல் இருக்கிறது அந்த நிறுவனத்தோட சர்வர்ல. எவ்வளவு நேரம் ஓடணும், விளம்பரம் வரணுமா, முடிஞ்சதும் எதைக் காட்டணும்... எல்லா ரூல்ஸும் அவங்களோடது. அதனால பிளேயரைத் தேர்ந்தெடுக்கிறதுன்னா, யாரோட ரூல்ஸுக்கு உங்க பாட்டை ஒப்படைக்கிறீங்கன்னு முடிவு பண்றதுதான்.

ஸ்பாட்டிஃபை: கெத்து இருக்கு, கதவும் இருக்கு!

2019 பிப்ரவரியில இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை, இன்னிக்கு இண்டி ஆர்ட்டிஸ்ட்டுகளோட விசிட்டிங் கார்டு மாதிரி. 'நாங்களும் ஸ்பாட்டிஃபைல இருக்கோம்'னு சொல்றதே ஒரு கெத்துதான். பிளேயரும் பார்க்க அழகா இருக்கும். ஆல்பம், பிளேலிஸ்ட் எதையும் எம்பெட் பண்ணலாம்.

சிக்கல், நாம முதல்ல பார்த்த அதே 30 நொடிதான். லாகின் பண்ணாதவங்களுக்கு எம்பெட் பிளேயர்ல 30 நொடி சாம்பிள் மட்டும்தான் கேட்கும். 'எல்லார்கிட்டயும்தான் ஸ்பாட்டிஃபை ஆப் இருக்கே'ன்னு தோணும். ஆனா, இன்ஸ்டாவுல ஒரு லிங்க்கைத் தொட்டா அது பெரும்பாலும் இன்ஸ்டாவுக்குள்ளேயே இருக்கிற பிரவுசர்லதான் திறக்கும். உங்க குரோம் பிரவுசர்ல பண்ணி வெச்ச லாகின் அங்கே செல்லாது. அதனால தினமும் ஸ்பாட்டிஃபை கேட்கிறவருக்குக்கூட அங்கே 30 நொடிதான் கிடைக்கலாம்.

இன்னொரு விஷயம், ஸ்பாட்டிஃபைல நீங்க நேரடியா பாட்டை ஏத்த முடியாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி மாதிரி ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாத்தான் போகணும். 2024-லிருந்து, ஒரு பாட்டு முந்தைய 12 மாசத்துல குறைஞ்சது 1,000 தடவை கேட்கப்பட்டிருந்தாதான் அதுக்கு ராயல்ட்டி கணக்கே தொடங்கும். முதல் பாட்டை வெளியிடுறவங்க இதை மனசுல வெச்சுக்கணும்.

யூடியூப்: எல்லாரும் கேட்கலாம்... ஆனா ஸ்கிரீனை அணைக்காதீங்க!

லாகின் வேண்டாம், முழுப் பாட்டும் ஓடும், எல்லா போன்லயும் வேலை செய்யும், ஏத்துறதுக்கும் செலவில்லை. தாத்தா, பாட்டிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினாகூட தட்டின உடனே கேட்டுடுவாங்க. ரீச் மட்டும்தான் முக்கியம்னா யூடியூப்பை அடிச்சுக்க ஆளில்லை.

ஆனா யூடியூப் அடிப்படையில வீடியோவுக்கான இடம். பிரீமியம் இல்லாத போன்ல ஸ்கிரீனை லாக் பண்ணினா பாட்டு நின்னுடும். பஸ்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு கேட்கிறவருக்கு இது தொல்லை. பாட்டு முடிஞ்சதும் வேற வீடியோக்களைக் காட்டி, வந்தவரை உங்க பக்கத்துல இருந்து கூட்டிட்டுப் போயிடும். உங்க சேனல் பார்ட்னர் புரோகிராம்ல இல்லைன்னாலும் வீடியோவுல விளம்பரம் வரலாம், அந்தக் காசுல உங்க சேனலுக்குப் பங்கு கிடையாது. விளம்பர வருமானத்துல பங்கு வேணும்னா 1,000 சப்ஸ்கிரைபர்களும், ஒரு வருஷத்துல 4,000 மணி நேரப் பார்வையும் தேவை. இல்லைன்னா, 90 நாள்ல 1 கோடி ஷார்ட்ஸ் வியூஸ்.

சவுண்ட்கிளவுட்: டெமோவுக்கு ராஜா!

2007-ல தொடங்கப்பட்ட சவுண்ட்கிளவுட்டோட அடையாளமே அந்த அலை வடிவம்தான். பாட்டோட எந்த நொடியிலயும் ரசிகர்கள் கமென்ட் போடலாம். 'இந்த இடத்துல வர்ற வயலின் வேற லெவல்'னு அந்த இடத்துலயே ஒருத்தர் எழுதிட்டுப் போறது, இசையமைப்பாளருக்குக் கிடைக்கிற நேரடி ரிசல்ட்.

டிஸ்ட்ரிபியூட்டர் தேவையில்லை, ஃபைலை நேரடியா ஏத்தலாம். லாகின் இல்லாமலே முழுப் பாட்டையும் கேட்கலாம். பாட்டை 'பிரைவேட்'னு வெச்சுட்டு, சீக்ரெட் லிங்க்கை மட்டும் டைரக்டருக்கோ, பேண்ட் நண்பர்களுக்கோ அனுப்பலாம். வெளியிடாத டெமோக்களுக்கு இது ரொம்ப வசதி.

குறைகள்? இலவசக் கணக்குல இவ்வளவு நேரம்தான் ஏத்தலாம்னு ஒரு எல்லை உண்டு. மொபைல்ல பிளேயரைத் தட்டினா 'ஆப்ல கேளுங்க'ன்னு ஒரு பட்டன் குறுக்கே வரும். பக்கத்துலயே 'பிரவுசர்ல கேளுங்க'ன்னு இருக்கிறதை எல்லாரும் கவனிக்க மாட்டாங்க. எம்பெட் கோடை எடுக்கும்போது 'தொடர்புடைய பாடல்கள்' ஆப்ஷனை ஆஃப் பண்ண மறக்காதீங்க. இல்லைன்னா உங்க பாட்டு முடிஞ்சதும் வேற யாரோட பாட்டோ ஓட ஆரம்பிச்சுடும்.

பேண்ட்கேம்ப்: கேட்கவும் செய்யலாம், காசும் பார்க்கலாம்!

ரசிகர் நேரடியா காசு கொடுத்து பாட்டை வாங்குற கடை இது. 2008-ல தொடங்கினாங்க. எம்பெட் பிளேயர்ல லாகின் இல்லாம முழுப் பாட்டும் ஓடும், கூடவே வாங்குறதுக்கான லிங்க்கும் இருக்கும். விளம்பரம் கிடையாது. 'உங்களுக்குத் தோணுறதைக் கொடுங்க'ன்னு விலையை ரசிகர்கிட்டயே விடலாம். டிஜிட்டல் விற்பனையில பேண்ட்கேம்ப் எடுத்துக்கிறது 15 சதவிகிதம், டி-ஷர்ட் மாதிரியான பொருள்கள்ல 10 சதவிகிதம். பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. கொரோனா காலத்துல, 2020 மார்ச் 20 அன்னிக்கு தன் பங்கை வேண்டாம்னு விட்டுக்கொடுத்தாங்க. அதுதான் 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே'வா வளர்ந்துச்சு.

இந்தியாவுல இருந்து இதைப் பயன்படுத்துறவங்க ஒண்ணை யோசிக்கணும். இங்கே பணம் வாங்க பேபால் கணக்கு வேணும். ஆனா, 2021 ஏப்ரல் 1-லிருந்து இந்தியாவுக்குள்ளேயே நடக்கிற பணப் பரிமாற்றத்தை பேபால் நிறுத்திடுச்சு. வெளிநாட்டுல இருந்து வர்ற பணத்துக்குத் தடை இல்லை. டொரன்டோவுலயோ, பாரிஸ்லயோ உங்களுக்கு ரசிகர்கள் இருந்தா பேண்ட்கேம்ப் பொருத்தமான இடம். மதுரை ரசிகர்கிட்ட காசு வாங்கணும்னா, பிளேயருக்குக் கீழே ஒரு யுபிஐ கியூஆர் கோடை வைக்கிறதுதான் சுலபம். கடையைத் திறக்கிறதுக்கு முன்னாடி, உள்ளூர் நண்பர் ஒருத்தரை விட்டு ஒரு பாட்டை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்க.

சொந்த பிளேயர்: யாரும் வேண்டாம், நானே பார்த்துக்கிறேன்!

எம்பி3 ஃபைலை உங்க சொந்த வெப்சைட்லயே ஏத்திட்டு, பிரவுசருக்குள்ளேயே இருக்கிற ஆடியோ பிளேயர்ல ஓட விடுறது இந்த வழி. வேர்ட்பிரஸ்ல இதுக்குன்னே 'ஆடியோ' பிளாக் இருக்கு. விளம்பரம், லாகின், குறுக்கே வர்ற பட்டன் எதுவும் இல்லை. பக்கமும் சட்டுனு திறக்கும்.

கணக்கையும் பார்த்துடுவோம். 128 கேபிபிஎஸ் எம்பி3-ன்னா ஒரு நிமிஷத்துக்கு சுமார் 1 எம்பி. 4 நிமிஷப் பாட்டு 4 எம்பிக்குள்ள முடிஞ்சுடும். 320 கேபிபிஎஸ்னா 10 எம்பிக்குக் கொஞ்சம் கம்மி. சிடி தரத்துல இருக்கிற வேவ் ஃபைலை அப்படியே வெச்சா 40 எம்பியைத் தாண்டும், ஒரு பாட்டுக்கே ரசிகரோட டேட்டா காலி. 4 எம்பி பாட்டை 1,000 பேர் கேட்டா உங்க ஹோஸ்டிங்ல 4 ஜிபி செலவாகும். பெரும்பாலான பிளான்கள் இதைத் தாங்கும். பாட்டு வைரலாச்சுன்னா தடுமாறலாம்.

இதுல இழக்கிறது என்னன்னா, பிளே கவுன்ட், கமென்ட், 'உங்களுக்குப் பிடிக்கலாம்'னு புது ஆள்கிட்ட கொண்டுபோய்ச் சேர்க்கிற அல்காரிதம். ரசிகரை நீங்கதான் அழைச்சுட்டு வரணும்.

மறந்துடக் கூடாத ஒரு கதை

ஒரு காலத்துல உலகம் முழுக்க இண்டி பேண்டுகளோட வீடு மைஸ்பேஸ். 2019 மார்ச்ல அந்த நிறுவனம் ஓர் உண்மையை ஒப்புக்கிட்டாங்க. சர்வரை மாத்தும்போது, 2003-லிருந்து 2015 வரை ஏத்தப்பட்ட பாட்டுகள் அழிஞ்சுபோச்சு. ஒண்ணு ரெண்டு இல்லை, சுமார் 1.4 கோடி கலைஞர்களோட 5 கோடிக்கும் மேற்பட்ட பாட்டுகள்னு செய்திகள் சொல்லுச்சு. அதுல 4.9 லட்சம் பாட்டுகளை மட்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ் மீட்டு வெச்சாங்க. 'அதான் மைஸ்பேஸ்ல இருக்கே'ன்னு தன் ஹார்டு டிஸ்க்கைக் கவனிக்காம விட்டவங்களுக்கு, அவங்க பாட்டு அவங்ககிட்டயே இல்லை.

நம்ம ஊர்லயும் பாருங்க. ரெஸ்ஸோ ஆப் 2024 ஜனவரி 31-ஓட இந்தியாவுல மூடப்பட்டுச்சு. அதே வருஷம் விங்க் மியூசிக்கையும் மூடுறதா ஏர்டெல் அறிவிச்சாங்க. பேண்ட்கேம்ப்பே 2022-ல எபிக் கேம்ஸ் கைக்குப் போய், அடுத்த வருஷமே சாங்ட்ரேடர் கைக்கு மாறிடுச்சு. இன்னிக்குப் பெருசா தெரியுற எந்த நிறுவனமும் இதுக்கு விதிவிலக்கு இல்லை.

அதனால, வேவ் மாஸ்டர் ஃபைலை ஒரு ஹார்டு டிஸ்க்லயும், வேற ஓர் இடத்துலயும் வெச்சுக்கோங்க. ரீல்ல, போஸ்டர்ல, கியூஆர் கோடுல உங்க சொந்தப் பக்கத்தோட முகவரியையே கொடுங்க. உள்ளே இருக்கிற பிளேயரை நாளைக்கு மாத்தினாலும் முகவரி மாறாது.

யாருக்கு எது செட் ஆகும்?

* முதல் பாட்டு, நிறைய பேரைப் போய்ச் சேரணும்: யூடியூப்.
* டெமோ, வெளியிடாத டிராக், சினிமா வாய்ப்புக்கான சாம்பிள்: சவுண்ட்கிளவுட் சீக்ரெட் லிங்க்.
* ஆல்பம், வெளிநாட்டு ரசிகர்கள், வருமானம்: பேண்ட்கேம்ப்.
* மெதுவான நெட், விளம்பரமில்லாத சுத்தமான பக்கம்: சொந்த பிளேயர்.
* ஏற்கெனவே ஸ்பாட்டிஃபைல ஃபாலோயர்ஸ் இருக்காங்க: ஸ்பாட்டிஃபையை லிங்க்கா கொடுங்க. மெயின் பிளேயரா லாகின் கேட்காத ஒண்ணை வைங்க.

வைக்கிறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் செக் பண்ணுங்க!

1. உங்க போன் வேண்டாம். அம்மாவோட போன்லயோ, இன்காக்னிட்டோ மோடுலயோ பக்கத்தைத் திறங்க. வைஃபையை அணைச்சுட்டு மொபைல் டேட்டாவுல பாருங்க.

2. இன்ஸ்டா பயோ லிங்க் வழியாவும் ஒருமுறை போய்ப் பாருங்க. முழுப் பாட்டும் ஓடுதா? எத்தனை தடவை தட்ட வேண்டியிருக்கு?

3. ஸ்கிரீனை லாக் பண்ணுங்க. பாட்டு நிக்காம ஓடுதா?

4. பாட்டு முடியுற வரை காத்திருங்க. அடுத்து யாரோட பாட்டு வருது?

5. ஒரே பக்கத்துல 10 பிளேயரைக் குவிக்காதீங்க. ஒவ்வொரு ஜன்னலும் தனித்தனியா டேட்டாவை இழுக்கும். மேலே ஒரு பிளேயர், மத்ததெல்லாம் லிங்க், அது போதும்.

6. பிளேயருக்குக் கீழே பாட்டுப் பேர், பாடினவங்க, எழுதினவங்க பேரைத் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் டைப் பண்ணுங்க. ஜன்னலுக்குள்ள இருக்கிற எழுத்து உங்க பக்கத்தோட எழுத்து கிடையாது. தேடுறவங்க கண்ணுல உங்க பக்கம் படணும்னா வெளியில எழுதியிருக்கணும்.

7. பீட்டை ஆன்லைன்ல வாங்கியிருந்தா, லைசென்ஸை ஒருமுறை படிங்க. அதே பீட்டை இன்னும் பலருக்கு வித்திருந்தா, உங்க பாட்டு மேலயே காப்பிரைட் கிளெய்ம் வரலாம்.

பக்கத்தைத் திறந்ததும் பாட்டு தானா ஓடணும்னு ஆசைப்படாதீங்க. 2018-லிருந்து குரோமே அதைத் தடுக்குது. தட்டிக் கேட்கிறது ரசிகரோட முடிவா இருக்கட்டும். அப்படித் தட்டினவருக்குக் கடைசி நொடி வரைக்கும் பாட்டு கேட்கணும், அது மட்டும் உங்க பொறுப்பு.