காந்தி கணக்கு: ஒரு வழக்கின் பிறப்பு குறித்துச் சில ஐயங்கள்

கோவை காந்திபுரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள பேக்கரிகளில் டீக்காசு பாக்கி பற்றிப் பேச்சு எழுந்தால் 'காந்தி கணக்கு' என்ற தொடரும் கூடவே வரும். திரும்பி வராத கடன் என்பது பொருள். இதன் பிறப்புக்கு மேடைகளிலும் இதழ்த் துணுக்குகளிலும் ஒரே கதைதான் உலவுகிறது. தண்டி யாத்திரையின்போது வணிகர்கள் காந்தியிடம் வந்து, தொண்டர்கள் தங்கள் கடைகளில் இலவசமாகச் சாப்பிடலாம், அடையாளத்துக்குக் 'காந்தி கணக்கு' என்று சொன்னால் போதும் என்றார்களாம். ஆதாரம் கேட்டால் கதையையே மறுபடியும் சொல்கிறார்கள்.

யாத்திரையைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றோடு இந்தக் கதை பொருந்தவில்லை. 1930 மார்ச் 12இல் சபர்மதியிலிருந்து காந்தியுடன் புறப்பட்டவர்கள் 78 பேர். பெயர்ப் பட்டியலே அச்சில் வந்தது. வழியில் அவர்களுக்கு உணவளித்தவர்கள் கிராமத்தார். உணவு எவ்வளவு எளிமையாக இருக்க வேண்டும் என்று காந்தி முன்கூட்டியே எழுதியிருந்தார். மார்ச் 29 அன்று பட்காம் என்ற ஊரில், சூரத்திலிருந்து பால் வரவழைத்ததையும் கூலியாள் தலையில் விளக்கு சுமக்க வைத்ததையும் கண்டித்துக் கடுமையாகப் பேசினார். அப்படிப்பட்டவர் கடை கடையாகக் கணக்கில்லாமல் சாப்பிட ஒப்புக்கொண்டிருப்பாரா? லண்டனில் மாணவராக இருந்தபோதே ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதியவர் அவர். குஜராத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு பேச்சு தமிழில் எப்படி வேர்விட்டது என்பதற்கும் கதையில் விடை இல்லை.

கதையைத் தமிழ்நாட்டுக்கு நகர்த்தினால் சற்று வலுக்கூடும். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் நடந்தபோது, தொண்டர்களுக்குச் சோறு போடுவோருக்குச் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் பெயரிலும் எழுத முடியாத செலவு என்பது இங்கே உண்மையிலேயே இருந்தது. ஆனால் தண்டனைக்கு அஞ்சிப் பெயரை மறைத்தவர், ஏட்டில் 'காந்தி' என்று எழுதி வைத்திருப்பாரா என்பது சந்தேகமே.

என் ஐயத்துக்கு முதன்மைக் காரணம் வழக்கின் வடிவம். கொங்குப் பேச்சில் இது இரண்டு விதமாக வருகிறது. கடன் வாங்கியவர் குறும்பாகச் சொல்வது: "காந்தி கணக்குல எழுதிக்குங்ணா". கடன் கொடுத்தவர் சலித்துச் சொல்வது: "அந்தக் காசு காந்தி கணக்குதானுங்". தண்டிக் கதை முதல் வடிவத்தை மட்டுமே விளக்கும். இரண்டாவதில் பேசுபவர் கல்லாவில் இருப்பவர். பற்றில் எழுதி, வரவை எதிர்பார்க்காமல் விட்டவர். இதுவே மூத்த வடிவம், முதலாவது அதன் கேலி என்று கருதுகிறேன். ஏட்டில் உண்மையாகவே ஒரு தலைப்பு இருந்தால்தான் பிறர் அதைக் கேலிக்கு எடுத்தாள முடியும்.

அந்தத் தலைப்பு நன்கொடைத் தலைப்பாக இருந்திருக்கலாம். மகமை, தருமம் என்று தனிப்பற்று எழுதுவது வணிகர்களின் பழைய வழக்கம். 1927இல் கதர் நிதிக்காகவும், 1934இல் ஹரிஜன நிதிக்காகவும் காந்தி தமிழ்நாட்டைச் சுற்றினார். ஊருக்கு ஊர் பணமுடிப்பு, கூட்டத்திலேயே ஏலம். 1934 பயணத்தில் அவர் தங்கிய போத்தனூர், கோவைக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. கதர் உற்பத்தியின் பெரிய மையமாகத் திருப்பூர் விளங்கியது. பஞ்சு, நூல் வியாபாரிகள் கொடுத்த பணம் பெரும்பாலும் 'காங்கிரசுக்கு' என்றல்ல, 'காந்திக்கு' என்றே கேட்கப்பட்டிருக்கலாம். கொடுத்தது திரும்பாது, ஆனாலும் ஏட்டில் ஏற வேண்டும். இன்றைய பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சூழல் எனக்குத் தோன்றவில்லை. இது ஊகம்தான், அத்தகைய ஏடு எதையும் சான்றாகக் காட்டி நான் இதைச் சொல்லவில்லை.

குஜராத்தியில் 'காந்தி' என்பது மளிகை வணிகரைக் குறிக்கும். தம் முன்னோர் மளிகை வணிகராக இருந்திருக்கலாம் என்று காந்தியே சுயசரிதையில் சொல்கிறார். அதை வைத்து 'மளிகைக் கணக்கு' என்று பொருள் கொள்வது சாமர்த்தியமான விளக்கம். ஆனால் மளிகைக்கடைக்காரர் பாக்கியை விட்டுவிடுவதில்லையே!

காலத்தையும் என்னால் அறுதியிட முடியவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. ககர வரிசை 1930க்கு முன்பே அச்சேறிவிட்டதால் அதைக் கொண்டு தண்டிக் கதையை ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. எல்லா வழக்குக்கும் இந்தச் சிக்கல் இல்லை. பொல்லாதவரைக் குறிக்கும் 'எம்டன்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், 1914 செப்டம்பர் 22 இரவு அந்தப் பெயருள்ள ஜெர்மானியக் கப்பல் சென்னையில் குண்டு வீசியது என்று தேதியோடு நிறுவலாம். அப்படியிருந்தும் அதை எமனோடு முடிச்சுப் போடுவோர் உண்டு.

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பழைய வணிகக் குடும்பங்களின் பரணில் 1927 முதல் 1934 வரையிலான பேரேடுகள் கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் நன்கொடைப் பற்று எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 'காந்தி' என்ற ஒற்றைச் சொல் அங்கே இருந்தால் என் ஊகம் பிழைக்கும்; அந்தத் தலைப்பின் கீழ் சோற்றுச் செலவு இருந்தால் பழைய கதையே வெல்லும்.