ஆன்சன் டோரன்ஸ்: கல்லூரித் திடலில் உருவான மகளிர் கால்பந்து வரலாறு

ஆன்சன் டோரன்ஸ், அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1979 முதல் 2024 வரை 45 ஆண்டுகள் மகளிர் கால்பந்துப் பயிற்சியாளராகப் பணியாற்றியவர். அவர் பயிற்சி அளித்த அணி 21 முறை தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்றது. 1991இல் நடைபெற்ற முதல் மகளிர் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணிக்கும் அவரே பயிற்சியாளர். இவர் பிறந்த ஊர் நமது மும்பை என்பது பலரும் அறியாத செய்தி.

இளமையும் கல்வியும்

டோரன்ஸ் 1951 ஏப்ரல் 9ஆம் நாள் அன்றைய பம்பாயில் பிறந்தார். தந்தை எண்ணெய் நிறுவன அதிகாரி. அவருடைய பணி இடமாற்றங்களால் கென்யா, எத்தியோப்பியா, சிங்கப்பூர், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து எனப் பல நாடுகளில் டோரன்ஸ் வளர்ந்தார். கால்பந்தை முதன்மை விளையாட்டாகக் கொள்ளாத அமெரிக்காவுக்குத் திரும்பும்போது, அவர் வெளிநாட்டுத் திடல்களில் கற்ற ஆட்டத்தையும் உடன் கொண்டு சென்றார். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் தத்துவமும் படித்தார். கல்லூரி அணியிலும் ஆடினார். சட்டம் படிக்கத் தொடங்கியவர் அதை முடிக்கவில்லை. 1977இல் அதே பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளரானார்.

ஒரு சட்டம் திறந்த வழி

1972இல் அமெரிக்க நாடாளுமன்றம் கல்விச் சட்டத் திருத்தம் ஒன்றை நிறைவேற்றியது. 'ஒன்பதாம் தலைப்பு' என அழைக்கப்படும் அப்பிரிவு, அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. சட்ட வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆனால் விளையாட்டுத் துறையில் அதன் விளைவு மிகப் பெரியது. 1971-72இல் உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய மாணவிகள் 3 லட்சத்துக்கும் குறைவு. 1977-78இல் அந்த எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது.

இந்த அலையில்தான் வட கரோலினாவில் மாணவிகள் தாங்களே ஒரு கால்பந்துக் குழுவை அமைத்து, பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தைக் கேட்டனர். அவர்களது ஆட்டத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி விளையாட்டுத் துறை இயக்குநர் டோரன்ஸைப் பணித்தார். அங்கீகாரம் கிடைத்தது, 1979இல் அவரே அந்த அணிக்கும் பயிற்சியாளரானார். 1988 வரை ஆண்கள், பெண்கள் ஆகிய இரு அணிகளையும் சேர்த்தே கவனித்தார்.

வெற்றிகள்

1981இல் மகளிருக்கான கல்லூரி விளையாட்டுச் சங்கம் நடத்திய தேசியப் போட்டியில் அணி வென்றது. அடுத்த ஆண்டு தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் மகளிர் கால்பந்துக்குப் பட்டப் போட்டி தொடங்கியபோது, முதல் மூன்று பட்டங்களும் வட கரோலினாவுக்கே சென்றன. 1985 இறுதி ஆட்டத்தில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திடம் தோற்றது. அதன் பின் 1986 முதல் 1994 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் பட்டம் அதனிடமே இருந்தது.

தேசிய அணியின் பொறுப்பு 1986இல் அவருக்கு வந்தது. 1985இல்தான் தன் முதல் ஆட்டத்தை ஆடியிருந்த அணி அது. பள்ளி மாணவியான மியா ஹாம் போன்ற இளையோரை அவர் துணிந்து அணியில் சேர்த்தார். 1991 நவம்பர் 30 அன்று சீனாவின் குவாங்சோ நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா நார்வேயை 2-1 என வென்றது. இரு கோல்களையும் அடித்தவர் மிஷேல் ஏக்கர்ஸ். அணித்தலைவி ஏப்ரல் ஹைன்ரிக்ஸ், மியா ஹாம், கிறிஸ்டின் லில்லி உள்ளிட்ட பலர் டோரன்ஸின் கல்லூரி மாணவிகள். ஹைன்ரிக்ஸ் பின்னாளில் தேசிய அணியின் பயிற்சியாளராகி, 2004 ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றுத் தந்தார்.

பயிற்சி முறை

அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித், பயிற்சியின் ஒவ்வொரு நிமிடத்தையும் திட்டமிட்டு நடத்துபவர். அவரிடமிருந்து டோரன்ஸ் பாடம் கற்றார். ஓட்டம், பந்து உதைத்தல், ஒருவருக்கு ஒருவர் மோதும் ஆட்டம் என ஒவ்வொரு பயிற்சிக்கும் வெற்றி தோல்வி குறிக்கப்பட்டது. தரவரிசைப் பட்டியல் அனைவரும் பார்க்கும்படி ஒட்டப்பட்டது. தோழியரிடையே போட்டியிடத் தயங்கும் மனநிலையை இது மாற்றும் என அவர் நம்பினார். அதே வேளையில், ஆண்கள் அணியை அதட்டி நடத்திய முறை பெண்களிடம் பலிக்காது என்பதையும், நம்பிக்கையும் தனிப்பட்ட அக்கறையும்தான் அவர்களை வழிநடத்தும் என்பதையும் அனுபவத்தில் உணர்ந்ததாக அவர் கூறியுள்ளார்.

வழக்கு

இந்த நெருக்கமே அவரது பணி வாழ்வின் கறையாகவும் ஆனது. 1998இல் முன்னாள் வீராங்கனைகள் இருவர், அவர் மாணவிகளின் அந்தரங்க வாழ்வு குறித்துத் தகாத முறையில் பேசினார் என்று பாலியல் துன்புறுத்தல் வழக்குத் தொடுத்தனர். துன்புறுத்தல் குற்றச்சாட்டை டோரன்ஸ் மறுத்தார். ஆனால் அத்தகைய பேச்சில் கலந்துகொண்டதற்கு மன்னிப்புக் கோரினார். ஒரு வழக்கு 2004இலும், மற்றது 2008இல் 3,85,000 டாலர் உடன்பாட்டிலும் முடிந்தன. அணியில் யார் ஆடுவது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் பயிற்சியாளரிடம் இருக்கும்போது, அவருடைய வேடிக்கைப் பேச்சும் மாணவிக்கு வேடிக்கையாக இருப்பதில்லை. அவரது வெற்றிகளைச் சொல்லும் வரலாறு இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தியாவும் தமிழகமும்

மகளிர் கால்பந்தில் இந்தியா பின்தங்கித் தொடங்கிய நாடு அன்று. 1975இலேயே இந்திய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு அமைந்தது. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசிய மகளிர் போட்டியில் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. 1983இலும் அதே இடம். அமெரிக்காவுக்குத் தேசிய மகளிர் அணியே இல்லாத காலம் அது. பின்னர் அந்த நாடு நான்கு உலகக் கோப்பைகளை வென்றது. இந்திய மகளிர் அணியோ இன்னும் உலகக் கோப்பைத் திடலில் கால் வைக்கவில்லை. இந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல. கல்லூரிதோறும் அணி, நிலையான பயிற்சியாளர், உதவித்தொகை ஆகியவை அமெரிக்காவில் கிடைத்ததும், இங்கு கிடைக்காததும் அவற்றுள் முதன்மையானது.

தமிழகத்தில் மகளிர் கல்விக்குப் பஞ்சமில்லை. திருச்சிராப்பள்ளியில் ஹோலி கிராஸ் கல்லூரி 1923இலும், சீதாலட்சுமி ராமசாமி கல்லூரி 1951இலும் தொடங்கப்பட்டன. 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் உருவானது. ஆயினும் நம் கல்லூரிகளில் பெரும்பாலும் ஓர் உடற்கல்வி இயக்குநரே கபடி, கைப்பந்து, பூப்பந்து, தடகளம் என எல்லாவற்றையும் கவனிக்க வேண்டியுள்ளது. ஒரே விளையாட்டில் 45 ஆண்டுகள் ஊன்றி நிற்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. ஸ்ரீரங்கத்திலோ உறையூரிலோ பந்து உதைக்க விரும்பும் ஒரு சிறுமிக்கு, பள்ளி முடிந்தபின் அடுத்த திடல் எது என்பது இன்றும் எளிதில் விடை கிடைக்காத கேள்வி.

எனினும் திறமைக்குக் குறைவில்லை. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாட்டு மகளிர் அணி, பல முறை பட்டம் வென்ற மணிப்பூரை 2-1 என வீழ்த்தி முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் அவ்வணியின் முக்கிய வீராங்கனை. 2019இல் மதுரையின் சேது கால்பந்துக் கழகம் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. 2023இல் தமிழ்நாடு மீண்டும் தேசியப் பட்டம் பெற்றது.

ஓய்வு

2024 ஆகஸ்டில், போட்டிப் பருவம் தொடங்கும் முன், டோரன்ஸ் ஓய்வை அறிவித்தார். அவருக்குத் துணையாக இருந்த டேமன் நாஹாஸ் பொறுப்பேற்றார். அந்த டிசம்பரிலேயே வட கரோலினா மீண்டும் தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்றது. அது அவ்வணியின் 22ஆவது பட்டம். மாணவிகள் தாங்களே அமைத்து அங்கீகாரம் கேட்ட குழு, பயிற்சியாளர் விலகிய பின்னும் நிற்கும் அமைப்பாகியிருந்தது.