கான்பெராவில் ஒரு செவ்வாய்க்கிழமை

போன வாரம் மைக் டெவரோவை மெல்பர்னில் ஒரு விசாரணை மேசைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு ‘தொடரும்’ போட்டுவிட்டேன். ‘அப்புறம் என்ன சொன்னார்?’ என்று காத்திருந்தவர்களே, வாருங்கள். கதவு இன்னும் மூடவில்லை.

டெவரோ, அப்போது ஆஸ்திரேலியக் கார் நிறுவனமான ஹோல்டனின் நிர்வாக இயக்குநர். கனடாக்காரர். எதிரே இருப்பது உற்பத்தித்திறன் ஆணையம். கார் தொழிலுக்கு மக்கள் வரிப்பணத்தைக் கொடுக்கலாமா, கூடாதா என்று ஆராய அரசு அனுப்பிய ஆணையம்.

ஊர் முழுக்க ஒரே கேள்வி. ஹோல்டன் இருக்குமா, போகுமா?

முந்தைய வாரம்தான் ஆஸ்திரேலியாவின் ஏ.பி.சி. தொலைக்காட்சி குண்டைப் போட்டிருந்தது. ‘போவதென்று டெட்ராய்ட்டில் முடிவாகிவிட்டது’ என்றது செய்தி. டெட்ராய்ட்டில் தலைமையகம் கொண்ட, ஹோல்டனின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் வாயைத் திறக்கவில்லை.

டெவரோ தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசினார். இன்னும் எந்த முடிவும் எடுக்கப்படவில்லை என்றார். கூடவே ஒரு கணக்கையும் வைத்தார். வேறு நாட்டில் செய்வதைவிட ஆஸ்திரேலியாவில் ஒரு காரைச் செய்ய 3,750 டாலர் கூடுதலாக ஆகிறது என்றார்.

அந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆணையத்தில் அது புள்ளிவிவரம். அடிலெய்டுக்கு வடக்கே, ஹோல்டனின் எலிசபெத் ஆலையின் அசெம்பிளி வரிசையில் நின்றவருக்கு அது வீட்டுக்கடன்.

அந்த 3,750 டாலர் எங்கிருந்து வந்தது? சுரங்க வளத்தால் ஏறிய ஆஸ்திரேலிய டாலர் ஒரு காரணம். ஆண்டுக்குப் பதினொரு லட்சம் கார் விற்கும் சிறிய சந்தையில் அறுபதுக்கும் மேற்பட்ட பிராண்டுகள் மோதிக்கொண்டது இன்னொன்று. ஒரு காலத்தில் 57.5 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி 5 சதவீதமாக இறங்கியது மற்றொன்று. இவற்றை முந்தைய அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். நான் இன்று நிற்க விரும்புவது தாய்லாந்தோடு செய்த தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில். அங்கேதான் எனக்கு மனம் ஆறவில்லை.

‘யூட்’ என்ற வண்டியை உங்களுக்குத் தெரியும். முன்னால் கார், பின்னால் சரக்குத் தொட்டி. அது ஆஸ்திரேலியாவின் சொந்தப் பிள்ளை. ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டுக்குக் கடிதம் எழுதினாராம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிப்போகவும் ஒரே வண்டி வேண்டும் என்று. ஃபோர்டின் ஜீலாங் ஆலையில் லூ பேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் அதை வரைந்து கொடுத்தார்.

அந்த யூட்தான் பிறகு தாய்லாந்திலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியது.

2005 புத்தாண்டு அன்று தாய்லாந்து வண்டிகளுக்கு ஆஸ்திரேலியா வரியை நீக்கியது. பதிலுக்குத் தாய்லாந்தும் பெரிய கார்கள் மீதிருந்த 80 சதவீத வரியை நீக்கியது. காகிதத்தில் இதைவிட நல்ல பேரம் கிடையாது. ஆஸ்திரேலியா செய்ததே பெரிய கார்கள்தானே! ஃபோர்டு தன் டெரிட்டரியை பாங்காக் சாலையில் பார்க்க ஆசைப்பட்டது. நான்கு லிட்டர் இன்ஜின். கம்பீரமான வண்டி.

துறைமுகத்தில் தடையில்லை. தடை உள்ளே இருந்தது.

இன்ஜின் 3,000 சி.சி.யைத் தாண்டினால் தாய்லாந்தில் அப்போது 50 சதவீதக் கலால் வரி. யூட் போன்ற சாதாரண பிக்கப்புக்கோ வெறும் 3 சதவீதம். உள்நாட்டு வண்டி, வெளிநாட்டு வண்டி என்ற பாகுபாடு சட்டத்தில் இருக்கவில்லை. ஆனால் தாய்லாந்து செய்தது பிக்கப். ஆஸ்திரேலியா அனுப்பியது பெரிய கார். பாகுபாட்டை எழுதவேண்டிய அவசியமே தாய்லாந்துக்கு இருக்கவில்லை.

டெரிட்டரி ஏற்றுமதி சொற்ப வண்டிகளோடு நின்றுபோனது. எதிர்த்திசையில் ஹைலக்ஸ், டிரைடன், நவாரா, ரேஞ்சர் என்று யூட்கள் லட்சக்கணக்கில் வந்தன.

தாய்லாந்தைத் திட்டாதீர்கள். தங்கள் தொழிலாளிக்கு வேலை வேண்டும் என்று நினைத்து வரியை அமைத்தார்கள். அது அவர்கள் கடமை. சுங்க வரியை மட்டும் பேசிவிட்டு, கலால் வரியைக் கட்டிப்போடாமல் கையெழுத்திட்டு எழுந்தார்களே, பேச்சு நடத்திய கான்பெரா அதிகாரிகள், குற்றம் அவர்களுடையது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு.

அந்தத் தாய்லாந்து யூட்களில் ஒன்றின் பெயர் ‘ஹோல்டன் கொலராடோ’. ஆம், ஹோல்டனேதான்! தாய்லாந்தின் ரயோங்கில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் பிறந்து, ஹோல்டன் முத்திரையோடு ஹோல்டன் ஷோரூமிலேயே விற்பனையானது. ஹோல்டன் கேப்டிவா தென்கொரியாவிலிருந்து வந்தது. ஏ.பி.சி. குண்டு போட்ட அதே வாரத்தில் தென்கொரியாவோடும் தடையற்ற வர்த்தகப் பேச்சு முடிந்துவிட்டது. கொரிய கார்களுக்கு இருந்த அந்த 5 சதவீதமும் போகவிருந்தது.

டெட்ராய்ட்டின் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு ஒப்பந்தமும் எலிசபெத் தொழிலாளிக்குப் போட்டி. டெட்ராய்ட்டுக்கு அது இன்னொரு வழி. எங்கே செய்தாலும் வண்டி அவர்களுடையது. லாபமும் அவர்களுடையது.

இப்போது கான்பெராவுக்கு ஓடுவோம். டெவரோ ஆணையத்தின் முன் பேசிய அதே செவ்வாய்க்கிழமை. 2013 டிசம்பர் 10. பிற்பகல், நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம்.

பிரதமர் டோனி அபாட் ஊரில் இல்லை. மண்டேலாவின் நினைவு நிகழ்ச்சிக்காகத் தென்னாப்பிரிக்கா போயிருந்தார். பிரதமர் பொறுப்பில் இருந்தவர் வாரன் டிரஸ்.

அரசுக்குள்ளேயே இரண்டு அணி. தொழில்துறை அமைச்சர் இயன் மேக்ஃபர்லேன், எப்படியாவது ஹோல்டனைத் தக்கவைக்க வழி தேடிக்கொண்டிருந்தார். நிதியமைச்சர் ஜோ ஹாக்கி வேறு ரகம். அரசிடம் உரிமையோடு கைநீட்டும் காலம் முடிந்துவிட்டது என்று லண்டனிலேயே பேசிவிட்டு வந்தவர். அவர் கண்ணில் ஹோல்டன் பழைய ஏமாற்றம். 2022 வரை இருப்போம் என்ற உறுதிமொழியின் பேரில் முந்தைய மத்திய அரசும் மாநில அரசுகளும் சேர்ந்து 27.5 கோடி டாலர் தருவதாக 2012இல் ஒப்புக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டே மறுபடி பேச்சு.

ஹாக்கி எழுந்தார்.

ஆஸ்திரேலிய மக்களிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று ஜெனரல் மோட்டார்ஸை நோக்கி முழங்கினார். இருக்கிறீர்களா, இல்லையா, ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். எதிர்க்கட்சி வரிசை கொதித்தது.

டிரஸ் தன் பங்குக்கு டெவரோவுக்குக் கடிதம் எழுதினார். உடனே நிலைப்பாட்டைச் சொல்லுங்கள்.

காலையில், முடிவு இல்லை. மாலையில், முடிவைச் சொல்.

நடுவில் நின்றவர் மேக்ஃபர்லேன். பேச இன்னும் அவகாசம் வேண்டும் என்று நம்பியவர். அந்த அவகாசம் அவருடைய சொந்த அரசாலேயே பறிபோனது.

மறுநாள் எலிசபெத் ஆலை. வரிசை நின்றது. தொழிலாளர்கள் கூடினார்கள். டெவரோ முன்னால் வந்தார்.

2017 முடிவதற்குள் ஹோல்டன் ஆஸ்திரேலியாவில் கார் செய்வதை நிறுத்தும். 2,900 பேர் வேலை இழப்பார்கள்.

முந்தைய நாள் முழக்கம்தான் ஹோல்டனை விரட்டியதா? இன்றும் ஆஸ்திரேலியாவில் சண்டை ஓயவில்லை. என் தீர்ப்பைச் சொல்கிறேன். ஹாக்கி விரட்டவில்லை. டெட்ராய்ட்டின் கணக்கு அதற்கு முன்பே எலிசபெத்துக்கு எதிராக முடிந்திருந்தது. ஆனால் போகிறவரைத் தடுத்து இன்னும் ஒருமுறை கேட்கவேண்டிய நேரத்தில், ஒரு நிதியமைச்சர் கதவைத் திறந்து பிடித்தார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஃபோர்டு அந்த ஆண்டு மே மாதமே விடைபெறும் தேதியைச் சொல்லிவிட்டது. இப்போது ஹோல்டனும். மிச்சம் ஒரே ஒருவர். டொயோட்டா. மெல்பர்னின் ஆல்டோனா ஆலையில் கேம்ரி செய்து மத்தியக் கிழக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்த டொயோட்டா. அந்த மூவருக்கும் சேர்த்தே பாகங்கள் செய்து பிழைத்த சிறு நிறுவனங்கள் இப்போது ஒருவரை மட்டும் நம்பி நின்றன.

இரண்டு மாதம் கழித்து, டொயோடா குடும்பத்தின் வாரிசும் டொயோட்டா நிறுவனத்தின் அப்போதைய தலைவருமான அகியோ டொயோடா, ஜப்பானிலிருந்து தானே புறப்பட்டு ஆல்டோனாவுக்கு வந்து இறங்கினார். தொழிலாளர்களைக் கூட்டச் சொன்னார்.

அவர் என்ன சொன்னார் என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன். காத்திருங்கள்.