பாறை மேல் ஊர்ந்த வண்டிகள்: பட்டறையில் பிறந்த ஒரு வரலாறு

உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருவன் இருப்பான், ஆசிரியர்களே. என்னுடைய படிவம் மூன்று வகுப்பில் ஒரு மாணவன் கட்டுரை எழுதச் சொன்னால் நாலு வரியோடு நின்றுவிடுவான். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் மட்டும் பெரிய சக்கரம் வைத்த வண்டிகளாக வரைந்து தள்ளுவான். "டீச்சர், இது சும்மா வண்டி இல்ல, பாறை மேல ஏறுற வண்டி" என்றான் ஒருநாள். அவனுக்காகத்தான் இதைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கே ஆர்வம் வந்துவிட்டது.

நம் ஊரில் நான்கு சக்கர இயக்க வண்டி என்றால் சேறுதான் நினைவுக்கு வரும். கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவர்களை எல்லாரும் பார்த்திருப்போம். 1997 முதல் நடந்துவரும் மழைக்காட்டுச் சவால் போட்டியும் சேற்றுப் போட்டிதான். பாறை ஏறுவது வேறு கலை. சேற்றில் வேகம் கைகொடுக்கும். பாறையில் வேகம் வண்டியை உடைக்கும்.

இந்தக் கலை வளர்ந்த முக்கிய இடங்களில் ஒன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ரூபிகான் பாதை. ஜார்ஜ்டவுன் பக்கத்திலிருந்து தாஹோ ஏரி நோக்கிச் செல்லும் மலைவழி அது. (நம் பினாங்கு ஜார்ஜ்டவுன் இல்லை!) இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் உருவான வில்லிஸ் ஜீப், போர் முடிந்ததும் சாதாரண மக்கள் கைக்கு வந்தது. 1953இல் 55 ஜீப்கள் கூட்டமாக அந்தப் பாதையில் போயின. ஆண்டுதோறும் நடக்கும் ஜீப்பர்ஸ் ஜாம்போரி அப்படித் தொடங்கியதுதான்.

பாறையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் என்ன ஆகும்? வளைவில் திரும்பும்போது இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டும். அதற்காக அச்சின் நடுவே டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி இருக்கிறது. சிக்கலும் அதில்தான். தரையைத் தொடாத சக்கரம் சும்மா சுழலும், பாறையைப் பற்றிய சக்கரம் அசையாது. ஏழைப் பட்டறைக்காரர் இதற்குக் கண்ட வழி, உள்ளே இருக்கும் பற்களை வெல்டிங் செய்து ஒட்டிவிடுவது. வெல்டிங் இயந்திரத்தின் பெயரை வைத்து இதை 'லிங்கன் லாக்கர்' என்று கேலியாகச் சொல்வார்கள். பாறையில் நன்றாக ஏறும். தார்ச்சாலையில் திரும்பினால் டயர் கதறும். 1980களின் கடைசியில் ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் ஏர் லாக்கரை விற்கத் தொடங்கியது. பொத்தானை அழுத்தினால் அழுத்தக்காற்று போய் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும், வேண்டாதபோது விடுவிக்கும்.

எனக்கு மிகப் பிடித்தது டொயோட்டா பிக்கப் கதை. நாம் ஹைலக்ஸ் என்கிறோமே, அதேதான். 1979இல் அதன் நான்கு சக்கர இயக்க வகை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது முன்னால் ஒரே துண்டான கெட்டி அச்சு இருந்தது. 1986 மாடலில் நிறுவனம் அதை எடுத்துவிட்டு, இரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பை வைத்தது. சாலையில் ஓட்டச் சுகம்தான். பாறை ஏறுகிறவர்களோ புதிய வண்டியை வாங்கி, பழைய அச்சைத் தேடிப் பிடித்துத் திரும்ப மாட்டினார்கள்! கெட்டி அச்சில் ஒரு பக்கச் சக்கரம் மேலே போனால் மறுபக்கம் கீழே அழுத்தப்படும். நாலு சக்கரமும் தரையை விடாது.

அடுத்தது கியர். கணித ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் வகுப்புக்கு எடுத்துப் போகலாம். முதல் கியர் சுமார் 3.95, டிரான்ஸ்பர் கேஸின் தாழ்நிலை 2.28, அச்சில் 4.10. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 37. அதாவது இன்ஜின் 37 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும். 1990களில் கலிபோர்னியாவின் மார்லின் கிராலர் பட்டறை, ஒரு டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் இன்னொன்றை மாட்டும் முறையைப் பரப்பியது. மறுபடி 2.28ஆல் பெருக்குங்கள், 84 வருகிறது. கிளட்சை மிதிக்காமலே வண்டி நத்தை மாதிரி ஊரும். ஓட்டுநருக்குப் பாறையைப் பார்த்துச் சக்கரம் வைக்க நேரம் கிடைக்கும்.

டயரில் காற்றைக் குறைத்தால் அது பாறையைக் கவ்வும். ஆனால் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். அதற்காக டயரின் விளிம்பை வளையம் வைத்துப் போல்ட்டால் இறுக்கினார்கள்.

கடைசியில் தொழிற்சாலைதான் பட்டறையைப் பின்தொடர்ந்தது. 2003 மாடல் ஜீப் ரேங்லரில் ரூபிகான் என்ற பெயரிலேயே ஒரு வகை வந்தது. முன்னும் பின்னும் லாக்கர், 2.72க்குப் பதிலாக 4.0 தாழ்நிலை. பட்டறைக்காரர்கள் பல வருஷம் கையில் கிரீஸோடு செய்ததெல்லாம் விலைப்பட்டியலில் ஏறிவிட்டது.

இவ்வளவும் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைப்பது நியாயமில்லை. வண்டிகள் கூடக்கூட அந்தப் பாதையில் மண் அரித்தது, எண்ணெய் கசிந்தது, மனிதக் கழிவும் சேர்ந்தது. 2009இல் மாநிலத்தின் வட்டாரத் தண்ணீர்த் தர வாரியம், பாதையைச் சீர்செய்யும்படி எல்டொராடோ மாவட்டத்துக்கும் வனத்துறைக்கும் ஆணையிட்டது. ஓடைகளை மிதிக்காமல் கடக்கப் பாலம் கட்ட வேண்டி வந்தது.

இதை மாணவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்ப வண்டி போகலாமா கூடாதா டீச்சர்?" என்றான். நீயே எழுது என்றேன். மறுநாள் ஒன்றரைப் பக்கம் கொண்டுவந்தான். 84க்குக் கணக்கும் போட்டிருந்தான். எழுத்துப்பிழை நிறைய. 'பாறை'க்கு மட்டும் எல்லா இடத்திலும் சரியான றகரம் போட்டிருந்தான்.