பூ விழுந்த கண்

மதுரைப் பக்கம் "கண்ணுல பூ விழுந்துருச்சு" என்றால் யாரும் எந்தப் பூ என்று கேட்பதில்லை. கருவிழியில் புண் வந்து ஆறிய இடத்தில் நிற்கும் வெள்ளைத் தழும்புதான் அது. நெல் அறுக்கும்போது தாள் குத்தும், போரடிக்கும்போது சுணை தெறிக்கும். கீறல் என்னவோ சின்னதுதான். அதற்குள் குடியேறுவது பாக்டீரியாவா பூஞ்சையா என்பதைப் பொறுத்தே மருந்து மாறும்.

இந்த இரண்டுக்கும் பகை பழையது. நம் வாயிலும் குடலிலும் பாக்டீரியாக்கள் இடத்தையும் தீனியையும் பிடித்துக்கொண்டு பூஞ்சையை அடக்கி வைத்திருக்கின்றன. 1940களின் இறுதியில் பலவகை பாக்டீரியாக்களை ஒரேயடியாகக் கொல்லும் மாத்திரைகள் வந்தன. அவற்றைச் சாப்பிட்டவர்களின் வாயில் கேண்டிடா பூஞ்சை வெள்ளைப் படலமாகப் படர்ந்தது. 1950இல் எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரௌனும் அதற்கு ஒரு மாற்றை அறிவித்தார்கள்: மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா சுரக்கும் நிஸ்டாட்டின். அதே வகையைச் சேர்ந்த நாட்டாமைசின், 1955இல் தென்னாப்பிரிக்காவின் நட்டால் மண்ணிலிருந்து கிடைத்தது. பெனிசிலினோ பூஞ்சை சுரப்பது. மண்ணுக்குள் நடக்கும் பங்காளிச் சண்டையின் ஆயுதங்களைத்தான் நாம் புட்டியில் அடைத்து வைத்திருக்கிறோம்.

அந்தச் சண்டை மதுரையின் கண்களில் எப்படி நடக்கிறது என்பதற்கு அரவிந்த் கண் மருத்துவமனையிடம் கணக்கு இருக்கிறது. 1994 ஜனவரி முதல் மார்ச் வரை, அதாவது அறுவடை மாதங்களில், அங்கே கருவிழிப் புண்ணோடு வந்தவர்கள் 434 பேர். 297 பேரின் புண்ணில் கிருமி வளர்ந்தது: பாக்டீரியா மட்டும் 140, பூஞ்சை மட்டும் 139, இரண்டும் சேர்ந்து 15, அமீபா 3. கிட்டத்தட்ட சரிபாதி! ஆக, சோதிக்காமல் மெடிக்கலில் ஒரு ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து வாங்கி ஊற்றினால் பாதிப் பேருக்கு அது வீண். அதில் ஸ்டீராய்டும் கலந்திருந்தால் இன்னும் மோசம்: சிவப்பு குறையும், வலி அடங்கும், உள்ளே பூஞ்சை ஆழமாக இறங்கும். இத்தனைக்கும் புண்ணைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில நிமிடங்களில் பூஞ்சை இழை தெரிந்துவிடும்.

இதுவரை படித்தால், கீறலுக்கு ஆன்டிபயாடிக் போடுவது பூஞ்சைக்குக் கதவைத் திறந்துவிடும் என்றுதான் தோன்றும். 2006இல் வெளியான மதுரைப் பக்கத்துக் கிராம ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. சுமார் 48 ஆயிரம் பேரை 18 மாதங்கள் கவனித்தார்கள். கருவிழியில் கீறலோடு வந்த 374 பேரில் ஒரு பிரிவுக்குக் குளோராம்பெனிகால் களிம்போடு பூஞ்சைக் கொல்லியும், மறுபிரிவுக்குக் குளோராம்பெனிகால் மட்டும். தினம் மூன்று வேளை, மூன்று நாள். இரு பிரிவிலும் பூஞ்சைப் புண் உறுதியாகவில்லை. மருந்தே போடாத பிரிவு இல்லாததால், காப்பாற்றியதில் களிம்பின் பங்கு எவ்வளவு, சீக்கிரம் வந்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கீறல் மூடிவிட்டால் உள்ளே நுழைய யாருக்கும் வழியில்லை.

பாக்டீரியா ஒரு தட்டு, பூஞ்சை ஒரு தட்டு என்று தராசுபோல நினைப்பது வசதியாக இருக்கிறது. அந்தத் தராசில் நாள் கணக்கு இல்லை. கீறல் விழுந்த அன்று காவலாக நிற்கும் அதே களிம்பு, பூஞ்சை வேர்பிடித்த பத்தாம் நாள் வெறும் தண்ணீருக்குச் சமம். அந்த முதல் நாள் அறுவடை நாளாகவும் இருந்து தொலைக்கிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, "தூசிதான், சரியாப் போயிரும்" என்று தோன்றும் கண்ணுக்காக யார் பஸ் ஏறுவார்கள்? அதனால்தான் களிம்பு கிராமத்திலேயே இருக்க வேண்டியிருக்கிறது.