பெயர் மாறிய மினுக்கு

ஐரோப்பிய ஏலக் கூடங்களின் விற்பனைப் பட்டியல்களைப் புரட்டினால், ‘கோரமண்டல் அரக்கு வேலைப்பாடு கொண்ட மதுக்குப்பி அலமாரி’ என்னும் வகையில் குறிப்புகள் தென்படும். கருத்த பலகை, அதில் செதுக்கி வண்ணம் தீட்டிய மாளிகைகள், நாரைகள், செவ்வந்திப் பூக்கள். கோரமண்டல் எது என்று கேட்டால், நாம் வாழும் இக்கரையேதான். சோழமண்டலம் என்னும் சொல்லே மேனாட்டார் நாவில் அவ்வாறு திரிந்தது என்பர் அறிஞர். புதுவையிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் உள்ள திருபுவனைக்குச் சென்றால் அப்பெயரின் உரிமை யாருக்கென்பது விளங்கும். அங்குள்ள வரதராசப் பெருமாள் கோயிலில், முதலாம் இராசாதிராசன் காலத்து 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 260 மாணவரும் 12 ஆசிரியரும் இருந்த கல்லூரி ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. சோழமண்டலம் என்றால் அத்தகைய ஊர்களின் தொகுப்பு.

ஆனால் அந்த அலமாரியின் அரக்கு நம்முடையதன்று. அது சீனத்தில் செய்யப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பன்னிரண்டு மடிப்புகள் வரை கொண்ட பெரிய மடக்குத் தட்டிகளாகக் கப்பலேறி, சென்னை, புதுவை முதலிய நம் துறைமுகங்களின் வழியே ஐரோப்பா சேர்ந்தது. இறக்கியவர்கள், அது எங்கிருந்து தங்களுக்கு வந்ததோ அவ்விடத்தின் பெயரையே சூட்டிவிட்டனர். அங்குள்ள தச்சர்கள் அத்தட்டிகளை ஈவிரக்கமின்றி அறுத்து அலமாரிக் கதவுகளாக்கினர். நாரையின் கழுத்து ஒரு கதவிலும் கால் மற்றொன்றிலும் நிற்கும் அவலத்தை இன்றும் சில அலமாரிகளில் காணலாம்!

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. பழைய மேசைகளுக்கும் அலமாரிகளுக்கும் பளபளப்பூட்டும் முறையை உலகமே ‘பிரெஞ்சு பாலிஷ்’ என்கிறது. அதன் உயிர்ப்பொருளோ நம் நாட்டு அரக்கு. புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள் அது. கிளையோடு ஒடித்தெடுத்தால் கொம்பரக்கு. கழுவி, உருக்கி, தகடாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்தால் பாலிஷ். பாரதக் கதையின் அரக்கு மாளிகையை அறிந்த நமக்கு இப்பொருள் புதிதன்று. இன்றும் சார்க்கண்டு, சத்தீசுகர் காடுகளில் பழங்குடி மக்களே இதைத் திரட்டுகின்றனர். பூச்சியின் பெயரும் பழங்குடியின் பெயரும் மறைந்து, பிரான்சின் பெயர் நின்றது.

இவ்விரு அரக்குகளையும் ஐரோப்பாவுக்கு விளக்க முற்பட்டோருள் இருவர் இயேசு சபைத் துறவிகள் என்பது நம் வாசகர்க்குச் சுவை தரலாம். சயாம் தூதுக்குழுவோடு கீழ்த்திசை வந்து, பின்னர் புதுவையிலும் பணியாற்றிய அருள்தந்தை கி தாஷார், நம் அரக்கு ஒரு சிற்றுயிரால் உண்டாவது என்பதை 1709-இல் எடுத்துரைத்தார். சீன அரக்கோ பூச்சியால் வருவதன்று. ஒருவகை மரத்தைக் கீறி வடிக்கும் பால். பெய்சிங்கில் வாழ்ந்து 1757-இல் மறைந்த அருள்தந்தை தெங்கார்வில் அதைப் பற்றி எழுதிய கட்டுரை, 1760-இல் அச்சேறியது. அம்மரம் ஐரோப்பாவில் இல்லாமையால், அங்குள்ளோர் பூச்சியரக்கையும் பிற பிசின்களையும் கொண்டு சீனத்து மினுக்கைப் போலி செய்தனர்.

மதுக்குப்பி அலமாரியைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு விளையாட்டன்று. பூச்சியரக்கைக் கரைப்பது சாராயச் சத்து. கோப்பை சாய்ந்து பிராந்தி சிந்தினால் மினுக்கு இளகும். அடிவட்டம் தழும்பாகத் தங்கும். எதைத் தாங்குவதற்கென்று செய்தார்களோ அதுவே அதன் பகை. ஊற்றும் இடத்தில் பளிங்குப் பலகையோ பித்தளைத் தட்டோ பதித்தது அழகுக்காக மட்டுமன்று. சீனத்து மரப்பால் காய்ந்து இறுகிவிட்டால் மது அதை ஒன்றும் செய்யாது.

இனி, மரமும் பதிகற்களும் போன்ற பிற பொருள்கள். கப்பற் பயணத்திற்கென வந்த பழைய மதுப்பெட்டிகளில் சதுரக் குப்பிகளே இருந்தன. வட்டக் குப்பியைப் போல இடத்தை வீணாக்காமல் அறைக்குள் நெருங்கி நிற்கும். பெட்டியைச் செய்ய ஈட்டியும் கருங்காலியும் தேக்கும் இருக்கவே இருந்தன. விசாகப்பட்டினத்துக் கைவினைஞர் தந்தத் தகடுகளில் பூங்கொடிகளைக் கீறி, கீறலில் கருப்பரக்கை நிரப்பி, ஈட்டி மரத்தில் பதித்தனர். ஆங்கிலேய அதிகாரிகள் அவற்றைப் போட்டியிட்டு வாங்கினர். அழுங்காமையின் ஓட்டைச் சூடேற்றிப் பரப்பி ஒட்டுவதும் உண்டு. அழகுதான், ஆயினும் ஆனையும் ஆமையும் கொடுத்த விலையை எண்ணினால் கண் கூசுகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அனைத்துலகத் தந்த வாணிபத்திற்கு 1989-இல் விதிக்கப்பட்ட தடையும் காலம் தாழ்ந்தே வந்தன.

பாரிசு நகரத் தச்சர் சங்கம் 1743-இல் ஒரு விதி வகுத்தது. 1751 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு தலைமைத் தச்சரும் தம் பெயர் முத்திரையைத் தாம் செய்த பொருளில் குத்த வேண்டும். இதனால் அந்நாளைய பாரிசுத் தச்சர் பலரை இன்றும் பெயரிட்டு அழைக்க முடிகிறது. அவர்களது அலமாரி மதிப்பும் பல மடங்கு உயர்கிறது. அந்த விதி கடல் கடந்து நம் கரைக்கு வரவில்லை. பிரெஞ்சுக்காரர் காட்டிய வடிவத்தைப் பார்த்து ஈட்டியை இழைத்த நம் தச்சரது கைவேலை, ‘பிரெஞ்சு காலத்துச் சாமான்’ என்னும் ஒரே பெயரில் கடைகளில் விலைபோகிறது.

வில்லியனூர், பாகூர், திருபுவனைப் பக்கத்து வீடுகளில் பாட்டனார் காலத்து அலமாரி எவரிடமேனும் இருந்தால், அதைச் சுரண்டிப் புதுவண்ணம் பூசுமுன் சற்றுப் பொறுக்க வேண்டுகிறேன். இழுப்பறையைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். இழைப்புளி படாத அடிப்பலகையில் உளியின் தடம் இருக்கும். பிறகு, கண்ணுக்குத் தெரியாத மூலையில் பஞ்சால் ஒரு துளி ஸ்பிரிட்டைத் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அது நம் காட்டுப் பூச்சி தந்த அரக்கு.