'மூணு விசில்' என்றால் எத்தனை நிமிடம்? - மின்சார பிரஷர் குக்கரில் அன்றாடச் சமையல்

"பருப்பைக் கழுவிப் போட்டு மூணு விசில் விடு. அப்புறம் அணைச்சிடு."

நம் வீடுகளில் சமையல் குறிப்பு பெரும்பாலும் இப்படித்தான் வரும். கடிகாரக் கணக்கு கிடையாது, விசில் கணக்குதான்.

ஆனால் மின்சார பிரஷர் குக்கர் விசில் அடிக்காது. பொத்தானை அழுத்தினால் எத்தனை நிமிடம் என்று உங்களைக் கேட்கும். அங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பருப்பு வேகாது, சோறு குழைந்துவிடும், அடிப்பிடிக்கிறது என்று குக்கர் எச்சரிக்கும். சில வாரங்களில் குக்கர் அலமாரிக்குள் போய்விடும். இரவுச் சாப்பாடு மறுபடியும் 'தபாவ்' ஆகிவிடும்.

குக்கருக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டால், வீட்டுப் பெரியவர்களின் விசில் கணக்கை நீங்களே நிமிடக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம்.

உள்ளே என்ன நடக்கிறது?

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடாகாது. கூடுதல் சூடெல்லாம் ஆவியாகப் போய்விடும்.

குக்கரில் ஆவி வெளியே போக வழியில்லை. அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் கூடும். அடுப்பில் வைக்கும் குக்கரில் அது சுமார் 120 டிகிரி வரை போகும். மின்சார குக்கர்கள் பலவற்றில் அழுத்தம் கொஞ்சம் குறைவு, அதனால் வெப்பநிலை சுமார் 115 முதல் 118 டிகிரி. எனவே மின்சார குக்கருக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகத் தேவைப்படலாம்.

இது பழைய யோசனைதான். பிரான்ஸில் பிறந்த டெனி பாப்பன் 1679இல் லண்டனில் இதைச் செய்து காட்டினார். எலும்பையே மென்மையாக்கிய கலம் அது. மின்சார குக்கரில் புதிதாக வந்தது, வெப்பத்தையும் அழுத்தத்தையும் கவனித்து, சூட்டைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு. அதனால்தான் பக்கத்திலேயே நின்று அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

விசிலை ஏன் நேரடியாக நிமிடமாக்க முடியாது?

விசில் நேரத்தைக் காட்டுவதில்லை. உள்ளே அழுத்தம் ஓர் அளவைத் தாண்டும்போது மேலே இருக்கும் குண்டு தூக்கிக்கொள்ளும், ஆவி சீறி வெளியேறும். அவ்வளவுதான்.

அது எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்பது தீயின் அளவு, குக்கரின் அளவு, உள்ளே இருக்கும் தண்ணீர் எல்லாவற்றையும் பொறுத்தது. பெரிய தீயில் விசில்கள் அடுத்தடுத்து வந்துவிடும். சிறு தீயில் ஒரு விசிலுக்கே பல நிமிடம் ஆகலாம். அம்மாவுக்குத் தன் அடுப்பும் தன் குக்கரும் பழக்கம். அதனால் அவருடைய 'மூணு விசில்' அவருடைய சமையலறையில் சரியாக வரும்.

இன்னொன்றும் உண்டு. அடுப்பை அணைத்த பிறகு, ஆவி அடங்கும் வரை குக்கர் அப்படியே இருக்குமே, அந்த 10, 15 நிமிடமும் பருப்பு வெந்துகொண்டுதான் இருக்கும். யாரும் அதைக் குறிப்பில் சொல்வதில்லை. ஆனால் அது சமையலில் பாதி.

ஆகவே, வீட்டில் கேட்கும்போது எத்தனை விசில் என்பதோடு நிறுத்தாதீர்கள். இவற்றையும் கேளுங்கள்:

- ஊற வெச்சீங்களா? எவ்வளவு நேரம்?
- தீயைக் குறைச்சீங்களா?
- அணைச்சதும் திறந்தீங்களா, இல்ல தானா அடங்க விட்டீங்களா?
- குழைஞ்சு வரணுமா, முழுசா இருக்கணுமா?

8 நிமிடம் என்பது 8 நிமிடம் அல்ல

நீங்கள் குக்கரில் 8 நிமிடம் வைத்தால், அது அழுத்தம் ஏறிய பிறகு ஓடும் நேரம் மட்டுமே. உண்மையில் மூன்று கட்டங்கள் உள்ளன:

1. அழுத்தம் ஏறுவது: சுமார் 8 முதல் 15 நிமிடம். தண்ணீர் அதிகமாக இருந்தாலோ இறைச்சி உறைந்திருந்தாலோ இன்னும் கூடும்.
2. அழுத்தத்தில் வேகுவது: நீங்கள் வைத்த நேரம்.
3. அழுத்தம் இறங்குவது: தானாக அடங்கவிட்டால் 10 முதல் 20 நிமிடம். வால்வைத் திறந்துவிட்டால் ஓரிரு நிமிடம்.

அப்படியென்றால் '8 நிமிடப் பருப்பு' சாப்பாட்டு மேசைக்கு வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடுப்பில் வைப்பதைவிட இது பெரிதாக வேகம் இல்லை. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த அரை மணி நேரத்தில் நீங்கள் குளிக்கலாம், பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கலாம், துணி மடிக்கலாம்.

எதற்கு எவ்வளவு நேரம்?

கீழே இருப்பவை உயர் அழுத்தத்தில், 5 முதல் 6 லிட்டர் குக்கருக்குப் பொதுவான தொடக்கக் கணக்கு. முதல் முறை இப்படிச் செய்துவிட்டு, உங்கள் ருசிக்கு ஏற்றிக் குறைத்துக்கொள்ளுங்கள். அரிசிக்கும் தண்ணீருக்கும் ஒரே கப்பைப் பயன்படுத்துங்கள்.

- துவரம் பருப்பு (ஊறவைக்காதது): 1 கப்புக்கு 3 கப் தண்ணீர். 8 முதல் 10 நிமிடம். தானாக அடங்கட்டும்.
- பாஸ்மதி அரிசி: 1 கப்புக்கு 1¼ கப் தண்ணீர் என்ற கணக்கில் குறைந்தது 2 கப் அரிசி. 5 நிமிடம், பிறகு 10 நிமிடம் அடங்கட்டும்.
- கொண்டைக்கடலை (இரவு முழுவதும் ஊறியது): 15 முதல் 20 நிமிடம். ஊறாதது என்றால் 40 நிமிடத்துக்கு மேல்.
- உருளைக்கிழங்கு (நடுத்தர அளவு, முழுசாக): 10 முதல் 12 நிமிடம்.
- எலும்போடு கோழிக் கறி: 8 முதல் 10 நிமிடம்.
- எலும்போடு ஆட்டிறைச்சி: சுமார் 30 நிமிடம். கண்டிப்பாகத் தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு ஆவியைத் திறந்தால் கறி இறுகிவிடும்.
- கஞ்சி: அரை கப் அரிசிக்கு 5 கப் தண்ணீர். 20 நிமிடம். தானாக அடங்கட்டும்.

மீனும் கீரையும் குக்கருக்குள் போக வேண்டாம். இரண்டும் சில நிமிடங்களில் வேகக்கூடியவை. குழம்பு தயாரானதும் மூடியைத் திறந்து, வதக்கும் முறையில் அவற்றைப் போட்டால் போதும்.

வேகாத பருப்பும் அடிப்பிடிக்கும் மசாலாவும்

இரண்டுக்குமே பெரும்பாலும் வரிசைதான் காரணம்.

புளியையும் தக்காளியையும் பருப்போடு சேர்த்துப் போட்டால் பருப்பு வேகத் தாமதமாகும். புளிப்பு, பருப்பின் தோலும் உள்சுவர்களும் இளகுவதைத் தடுக்கும். எனவே சாம்பாருக்கு முதலில் பருப்பை வேகவையுங்கள், புளிக்கரைசல் பிறகு. தால்சாவுக்கும் இதே விதிதான். கறி, எலும்பு, பருப்பு முதலில், புளியும் மாங்காயும் கடைசியில். பழைய பருப்பு என்றால் எவ்வளவு நேரம் வைத்தாலும் மசியாமல் நிற்கக்கூடும். டப்பாவில் எத்தனை மாதமாக இருக்கிறது என்று பாருங்கள்.

அடிப்பிடிக்கும் எச்சரிக்கை வருவது, உள்பாத்திரத்தின் அடியில் மசாலா ஒட்டிக்கொண்டிருப்பதால். வெங்காயமும் இஞ்சி பூண்டும் வதங்கியதும் அரை கப் தண்ணீர் ஊற்றி, மரக்கரண்டியால் அடியை நன்றாகச் சுரண்டிவிடுங்கள். அதன் பிறகு மற்ற பொருள்கள். தக்காளி விழுதை மேலே போட்டுக் கிளறாமல் விடலாம்.

தேங்காய்ப் பால், முந்திரி விழுது, சோளமாவு மூன்றையும் மூடி திறந்த பிறகே சேர்க்க வேண்டும். தேங்காய்ப் பால் அதிகச் சூட்டில் திரிந்துவிடும். மற்ற இரண்டும் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஒரே நேரத்தில் சோறும் பருப்பும்

இருவர் அல்லது மூவர் இருக்கும் வீட்டுக்கு இது ரொம்பவே வசதி.

உள்பாத்திரத்தில் 1 கப் துவரம் பருப்பு, 3 கப் தண்ணீர், மஞ்சள் தூள், கொஞ்சம் எண்ணெய். அதற்குள் குக்கரோடு வரும் கம்பி முக்காலியை வையுங்கள். அதன் மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் கழுவிய 1 கப் பொன்னிப் புழுங்கல் அரிசி, 2 கப் தண்ணீர். 10 நிமிடம் வைத்து, தானாக அடங்கவிடுங்கள்.

மேலே சோறு, கீழே பருப்பு. தாளித்துக் கொட்டி, ஒரு முட்டை பொரித்தால் சாப்பாடு தயார்.

ராஜ்மா சமைக்கிறீர்களா? இதைப் படியுங்கள்

மின்சார குக்கர்கள் பலவற்றில் 'மெதுவாகச் சமைக்கும்' முறை ஒன்றும் இருக்கும். வேகாத ராஜ்மாவை அதில் போடவே கூடாது.

ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற இயற்கை நச்சுப்பொருள் உண்டு. சரியாக வேகாத நாலைந்து பயறு சாப்பிட்டாலே சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரக்கூடும். நன்றாகக் கொதித்தால் நச்சு அழிந்துவிடும். ஆனால் மெதுவாகச் சமைக்கும் முறையில் உணவு அந்த அளவு சூடாகாமல் போகலாம். அரைகுறைச் சூட்டில் நச்சின் வீரியம் கூடவும் செய்யும்.

பாதுகாப்பான வழி இதுதான்: குறைந்தது 5 மணி நேரம் ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரில் அழுத்தத்தில் 25 முதல் 30 நிமிடம். பிறகு ஒரு பயறை விரலால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே கெட்டியாக இருந்தால் இன்னும் 5 நிமிடம்.

நீராவியோடு விளையாட வேண்டாம்

- பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பருப்பு, அரிசி, பயறு, கஞ்சி போன்றவை நுரைக்கும், உப்பும். அவற்றுக்குப் பாதிதான் எல்லை.
- தண்ணீர் போதுமான அளவு வேண்டும். பல குக்கர்களுக்கு 250 முதல் 375 மில்லிலிட்டர் குறைந்தபட்சம். உங்கள் குக்கரின் கையேட்டைப் பாருங்கள்.
- நுரைக்கும் உணவு உள்ளே இருக்கும்போது வால்வைச் சட்டென்று திறக்காதீர்கள். ஆவியோடு கொதிக்கும் கஞ்சியும் பீச்சியடிக்கும்.
- அழுத்தத்தைக் காட்டும் சிறு ஊசி கீழே இறங்கும் வரை மூடியைத் தொடாதீர்கள். திறக்க வரவில்லை என்றால் இன்னும் அழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம். பலத்தைக் காட்ட வேண்டாம்.
- வால்வைத் திறக்கும்போது நீண்ட கரண்டியால் தள்ளுங்கள். முகம் விலகியே இருக்கட்டும்.
- குக்கரை அலமாரிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். வீவக வீட்டுச் சமையலறையில் இடம் குறைவுதான். ஆனாலும் ஆவி விடும்போது குக்கரை எங்கே வைப்பது என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடமாக இருக்கட்டும்.
- மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தையும் ஆவி வெளியேறும் துளையையும் ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். வளையம் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஆவி பட்டுவிட்டதா? உடனே குழாய்த் தண்ணீரை அந்த இடத்தில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். பற்பசை, சோயா சாஸ், ஐஸ் எதுவும் வேண்டாம். காயம் மோசமாக இருந்தால் 995ஐ அழையுங்கள்.

வாங்கும்முன்...

இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்முன் மின்னழுத்தத்தைப் பாருங்கள். சிங்கப்பூரில் 230 வோல்ட். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த குக்கர் சுமார் 120 வோல்ட்டில் ஓடுவது. அதை இங்கே செருகினால் ஆபத்து. இங்கு விற்கும் வீட்டு மின்சாதனங்களில் பாதுகாப்புச் சின்னம் இருக்கிறதா, மூன்று முனைச் செருகி இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

மிச்சத்தை என்ன செய்வது?

சமைத்த உணவைச் சூடாக வைப்பதாக இருந்தால் 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். குக்கரை அணைத்துவிட்டு, சோற்றையும் கறியையும் அதற்குள்ளேயே இரவு முழுவதும் விடாதீர்கள். நம் ஊர் வெயிலுக்குக் கிருமிகள் வேகமாகப் பெருகும். 2 மணி நேரத்துக்குள் சிறு டப்பாக்களில் பிரித்துக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். காலையில் போட்டுவிட்டு மாலையில் சமைக்கத் தொடங்கும் நேர அமைப்பில் பச்சை இறைச்சியை வைக்காதீர்கள்.

இந்த வார இறுதியில் ஒன்று செய்து பாருங்கள்

வீட்டில் உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு குழம்பைத் தேர்ந்தெடுங்கள். அதைச் சமைப்பவரின் பக்கத்தில் கைத்தொலைபேசியோடு நில்லுங்கள். முதல் விசில் எப்போது வந்தது, எப்போது அணைத்தார், எப்போது திறந்தார் என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதை உங்கள் குக்கரில் முயன்று பார்த்து, சரியாக வந்த நிமிடக் கணக்கைப் பக்கத்தில் எழுதுங்கள்.

அடுப்பும் குக்கரும் மாறலாம். கணக்கு உங்கள் கையில் இருந்தால் அந்தக் குழம்பின் ருசி உங்கள் வீட்டுக்கும் வந்துவிடும்.